பிழைகள் உள்ள பழைய எச்பி 35எஸ் கால்குலேட்டரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

தளமட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் சாலை வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன், பி.இ. எனப்படும் தொழில்முறைப் பொறியாளர் உரிமத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர், தாம் நெடுங்காலம் பயன்படுத்திய எச்பி 35எஸ் கால்குலேட்டரை எனக்குக் கொடுத்திருக்கிறார். 1972-இல் வந்த எச்பி-35 மாடலின் 35ஆம் ஆண்டை ஒட்டி, 2007-இல் வெளியிடப்பட்ட மாடல் இது. தேர்வை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அனுமதிக்கும் பட்டியலில் எச்பி நிறுவனத்தின் 33எஸ், 35எஸ் ஆகிய இரண்டும்தான் இருப்பதால், ஆர்.பி.என். முறையில் (எண்களை முதலில் உள்ளிட்டு, செயல்விசையைப் பிறகு அழுத்தும் முறை) கை பழகிய எனக்கு வேறு வழி அதிகம் இல்லை.

இதன் ஃபர்ம்வேரில் (கருவிக்குள் பதிந்த நிரலில்) பல பிழைகள் இருப்பதாகப் பயனர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றுள் என்னை யோசிக்க வைப்பது, 90 பாகைக்கு மிக அருகில் உள்ள கோணங்களுக்கு காஸ், டேன் மதிப்புகளின் பின்னிலக்கங்கள் தவறுகின்றன என்பதே. கணினியோடு இணைக்க வழியில்லாத கருவி என்பதால் புதிய ஃபர்ம்வேர் ஏற்றவும் முடியாது, உற்பத்தியும் நின்றுவிட்டது. இதை நம்பி வேலை செய்யலாமா, அல்லது அலமாரியில் வைத்துவிடுவதுதான் முறையா?

சங்கிலிக்கோல் எழுதியது:

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிழை எங்கே கடிக்கும், எங்கே கடிக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கருவியிலேயே சோதித்துப் பாருங்கள். பாகை முறையில் காஸ் 89.9999, சைன் 0.0001 ஆகிய இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். பன்னிரண்டு இலக்கங்களில் அது 1.74532925199 × 10⁻⁶. சைன் வழியாக வரும் விடையை நம்பலாம். காஸ் வழியாக வருவதில் முன்னிலக்கங்கள் ஒத்துப்போய், பின்னிலக்கங்கள் விலகினால் அதுதான் நீங்கள் படித்த பிழை.

இத்தகைய பிழை எப்படி நேர்கிறது என்பதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். 89.9999 பாகையை ரேடியனாக மாற்றிப் பன்னிரண்டு இலக்கங்களோடு நிறுத்தினால் 1.57079458147 கிடைக்கும். பையின் (π) பாதி 1.57079632679. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 0.00000174532 மட்டுமே மிஞ்சுகிறது. அதாவது பன்னிரண்டு இலக்கங்களில் ஆறு அடிபட்டுப் போய்விட்டன. கவனமாக எழுதப்பட்ட நிரலில் இந்தக் கழித்தலுக்கு மட்டும் பையைக் கூடுதல் இலக்கங்களோடு வைத்திருப்பார்கள், அல்லது ரேடியனாக மாற்றுவதற்கு முன்பே 90-இலிருந்து கழித்துவிடுவார்கள்.

இரண்டாவது வழியை நாமே கையால் செய்துவிடலாம். கோணம் திரையில் இருக்கும்போது 90 உள்ளிட்டு, இரண்டையும் இடம் மாற்றி, கழித்துவிட்டு, காஸுக்குப் பதிலாக சைன் அழுத்துங்கள். டேன் வேண்டுமானால் அதே கழித்தலுக்குப் பிறகு டேன் அழுத்தித் தலைகீழ் (1/x) எடுங்கள். இந்தக் கருவி பதின்ம முறையில் கணக்கிடுவதால் 90-இலிருந்து 89.9999-ஐக் கழிக்கும்போது ஓர் இலக்கம்கூடச் சிதையாது. அடிக்கடி தேவைப்பட்டால் சிறு ப்ரோகிராமாக எழுதி ஒரு லேபிளில் வைத்துவிடுங்கள்.

இனி, தொழிலில் இது எவ்வளவு பெரிய விஷயம்? ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கோடு வடக்கிலிருந்து 89.9999 பாகையில் போகிறது என்றால், அதன் வடக்குக் கூறு 1.745 மில்லிமீட்டர். அதன் ஐந்தாவது இலக்கம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும், அது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதை அளக்கும் கருவி எந்தச் சாலைப் பணியிலும் கிடையாது. டேன் கதை வேறு. அதே கோணத்தின் டேன் 572957.795, ஆறு இலக்கங்களே சரியென்றால் பிழை அலகுகளிலேயே விழும். ஆகவே, பெருக்கும் இடத்தில் கவலை வேண்டாம். 90-ஐ ஒட்டிய காஸால் வகுக்கும் இடத்திலும், டேன் எடுக்கும் இடத்திலும் விழித்திருங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1972-இன் எச்பி-35 மாடலும் பிழையோடுதான் வந்தது: 2.02-இன் இயல் மடக்கையைக் கண்டு, உடனே e-க்கு அந்த விடையை அடுக்காக எடுத்தால், 2.02 வராமல் 2 என்று நின்றது. அங்கே பிழை முகத்தில் அறைந்தது. கேட்டவர்களுக்கு நிறுவனம் இலவசமாக மாற்றியும் கொடுத்தது. 35எஸ் பிழையோ பின்னிலக்கத்தில் பதுங்கியிருப்பதால் தெரியாமலே போகிறது. எனக்கு இரண்டாவதைக் கண்டால்தான் அதிகப் பயம்.

அரைவட்டம் எழுதியது:

எளிய சோதனை ஒன்று உண்டு. 9 பாகைக்கு சைன், காஸ், டேன் வரிசையாக எடுத்து, பிறகு டேன், காஸ், சைன் ஆகியவற்றின் நேர்மாறுகளை அதே வரிசையில் எடுங்கள். மீண்டும் 9 வராவிட்டால் கருவி பழுது என்று பொருள். இவ்வளவு ஆராய்வதைவிடப் பட்டியலில் உள்ள கேசியோ எஃப்எக்ஸ்-991 வாங்கிவிடுவது மேல்.

சங்கிலிக்கோல் எழுதியது:

அந்தச் சோதனையை வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது, நண்பரே. சைன் 9 என்பது 0.156434, அதையே பாகையாகக் கொண்டு காஸ் எடுத்தால் 0.99999627. முன்னால் நிற்கும் ஐந்து ஒன்பதுகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், பன்னிரண்டு இலக்கக் கருவியில் பயனுள்ளவை ஏழுதான் மிஞ்சும். திரும்பி வரும்போது 9-க்குச் சற்று விலகிய எண் வருவது இயல்பு. ஒவ்வொரு படியையும் சரியாக முழுமைப்படுத்தும் கருவியிலும் அப்படித்தான் வரும். உள்ளே கூடுதல் இலக்கங்களை மறைத்து வைத்திருக்கும் கருவி 9-க்கு இன்னும் நெருங்கிய விடையைக் காட்டும், அவ்வளவே.

தளமட்டம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பக்கக் கூறுகளிலிருந்து தூரமும் திசையும் காண இதில் நேரடி விசை இல்லையே, அதற்கு என்ன செய்கிறீர்கள்? பேட்டரி மாற்றும்போது ப்ரோகிராம்கள் அழிந்துவிடும் என்றும் அஞ்சுகிறேன்.

சங்கிலிக்கோல் எழுதியது:

வடக்குக் கூறை மெய்ப்பகுதியாகவும் கிழக்குக் கூறைக் கற்பனைப் பகுதியாகவும் கொண்டு ஒரே சிக்கலெண்ணாக உள்ளிடுங்கள். அதன் மட்டு மதிப்பு தூரத்தையும் வீச்சு திசைக்கோணத்தையும் தரும். கோணம் எதிர்மமாக வந்தால் 360 கூட்டிக்கொள்ளுங்கள். சிக்கலெண்ணின் வர்க்கமூலம் வேண்டுமானால் மட்டும் கவனியுங்கள்: வர்க்கமூல விசை அதற்கு வேலை செய்யாது, 0.5 அடுக்குதான் எடுக்க வேண்டும்.

உள்ளே இரண்டு சிஆர்2032 பேட்டரிகள் இருக்கும். ஒன்றை மாற்றிப் பொருத்திய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். எப்படியிருந்தாலும் ப்ரோகிராம்களை வரி எண்ணோடு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழிந்தால் விசை விசையாகத்தான் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.