பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று ஒரு மெயில்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

திருப்பூர், பனியன் ஏற்றுமதி

போன வருஷம் நடந்தது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன், பக்கத்து யூனிட்காரருக்கும் போன வாரம் இதே கதி என்று கேள்விப்பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நெதர்லாந்து பையர், எட்டு வருஷப் பழக்கம். சரக்கு கப்பல் ஏறி டாக்குமெண்ட் எல்லாம் போய்விட்டது, பணம் மட்டும் வரவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துப் போன் போட்டால், "நீங்கள் சொன்ன புதுக் கணக்குக்கு அப்போதே அனுப்பிவிட்டோமே" என்கிறார்.

எந்தப் புதுக் கணக்கு?

அந்த மெயிலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில், பார்க்க அதே மாதிரி தெரிய 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி ஏமாற்றுவார்களே, அந்த வேலைகூட இல்லை, எங்கள் சொந்த முகவரியிலிருந்தே போயிருக்கிறது. பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தடவை இதில் போடுங்கள் என்று. இன்வாய்ஸ் நம்பர், ஸ்டைல் நம்பர், பீஸ் கணக்கு எல்லாம் சரி. திருடன் ஒரு மாதமாவது உள்ளே உட்கார்ந்து எங்கள் மெயிலைப் படித்திருக்கிறான், சரக்கு கிளம்பும் வரை காத்திருந்திருக்கிறான்.

நுழைந்த வழி சின்னது. மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள் என்று வந்த லிங்கில் எங்கள் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பையன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டான். அதன்பிறகு அந்தத் திருடன் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேமெண்ட், பேங்க் என்ற சொல் வருகிற மெயிலெல்லாம் இன்பாக்ஸில் நிற்காமல் 'ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போகிற மாதிரி ஒரு ரூல் போட்டு வைத்திருக்கிறான். அந்த ஃபோல்டரை யார் திறந்து பார்க்கிறோம்? பையர் சந்தேகப்பட்டு இரண்டு தடவை "இது சரிதானா?" என்று கேட்டிருக்கிறார், இரண்டு தடவையும் பதில் சொன்னது அந்தத் திருடன்.

31 ஆயிரம் யூரோ. வங்கி மூலம் திருப்பிக் கேட்டோம், அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள். கடைசியில் பையரும் நாங்களும் பாதிப் பாதி சுமந்தோம். இன்னொன்று, பாஸ்வேர்டை மாற்றியதும் தப்பித்தோம் என்று நினைத்தோம், ஆனால் அந்த ரூல் அப்படியே இருந்தது. மாற்றுகிறவர்கள் ரூல், பார்வர்டிங் (மெயில் தானாக வேறு முகவரிக்குப் போவது) இரண்டையும் பாருங்கள்.

கோவை, பம்ப் உதிரிபாகம்

அண்ணா, எங்களுடையது வேறு ரகம். ஒரு திங்கள்கிழமை காலை கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் திறக்கவில்லை, எல்லா ஃபைலுக்கும் வால் முளைத்த மாதிரி புதுப் பெயர், ஃபைலைத் திறந்துவிட பிட்காயின் கேட்டு டெஸ்க்டாப்பில் ஒரு குறிப்பு. அப்பா வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க, தூரத்திலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்குகிற ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்து விட்டிருந்தோம், அதன் வாசலான 3389 போர்ட்டைத் தேடிக்கொண்டே அலைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். பாஸ்வேர்ட் கம்பெனி பெயரும் 123ம்.

பேக்கப் இருந்தது. எங்கே? அதே சர்வரில் எந்நேரமும் செருகியே வைத்திருந்த பென்டிரைவில். அதையும் பூட்டிவிட்டான்.

பணம் கட்டவில்லை. ஆடிட்டரிடம் நாலு மாசப் பழைய காப்பி இருந்தது. மீதியை ஜிஎஸ்டி போர்ட்டலிலிருந்து எடுத்தோம், ஜிஎஸ்டிஆர்-1ல் நாங்கள் விற்றது, 2பியில் வாங்கியது, ஈவே பில், வங்கி ஸ்டேட்மெண்ட் எல்லாம் வைத்து இரண்டு பெண்கள் மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தார்கள். வராமல் போன பாக்கி எவ்வளவு என்று இன்றும் முழுதாகத் தெரியாது, சில பாக்கிக்காரர்கள் அவர்களாகவே வந்து கொடுத்தார்கள், சிலர் வரவில்லை. இப்போது இரண்டு ஹார்டு டிஸ்க், மாற்றி மாற்றி, ஒன்று எப்போதும் வீட்டு பீரோவில்.

மதுரை, ஹார்டுவேர் கடை

டிராபிக் அபராதம் என்று வாட்ஸாப்பில், தொட்டால் போனில் ஆப்பாக ஏறுகிற ஏபிகே ஃபைல் வந்தது, தம்பி தொட்டுவிட்டான். கடை யுபிஐயும் ஓடிபியும் அதே போனில். 84 ஆயிரம் போனது, ஆனால் அரை மணிக்குள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்ததால் அறுபது சொச்சம் நடுவழியில் நிறுத்தி வைத்தார்கள். முதலில் வங்கிக் கிளைக்கு ஓடாதீர்கள், 1930 தான். இப்போது ஓடிபி வருகிற சிம், பட்டன் போனில்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரம்

மதுரை அண்ணன் சொல்வதன் மறுபக்கம் எனக்கு. யாரோ ஏமாந்த பணம் கை மாறி வந்து என்னிடம் சரக்கு வாங்க வந்திருக்கிறது, வேறு மாநிலப் போலீஸ் புகாரில் என் கரண்ட் அக்கவுண்ட்டை முடக்கினார்கள். பில், லாரி ரசீது, வெயிட் சீட்டு எல்லாம் அனுப்பி விடுவிக்க இரண்டு மாதம். தெரியாத ஆள் மூன்றாவது கணக்கிலிருந்து பணம் போட்டால் இப்போது நான் சரக்கை ஏற்றுவதில்லை, கோபித்துக்கொண்டால் போகட்டும்.

சென்னை, கம்பெனிகளுக்கு ஐடி பார்த்துக் கொடுப்பவன்

திருப்பூர் சார், பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இன்னொன்றும் கேட்கிற இரண்டு படி லாகின் போட்டிருந்தால் வெறும் பாஸ்வேர்டை வைத்து அவன் உள்ளே வந்திருப்பது கஷ்டம். ஆனாலும் அதுவே பூட்டு என்று நினைக்க வேண்டாம், ஓடிபியையும் சேர்த்துப் பிடுங்குகிற போலிப் பக்கங்கள் வந்துவிட்டன. இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலிலேயே உத்தரவு இருக்கிறது, நான் போகிற பத்து இடத்தில் ஒன்பதில் கேள்விப்பட்டதே இல்லை.

போனில் கேட்டு உறுதி செய்தால் போதும் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024இல் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், மேலதிகாரி முகத்தை வீடியோ மீட்டிங்கிலேயே பார்த்து நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். முகமும் குரலும் செயற்கை. அதனால் வருகிற அழைப்பை நம்பாமல், பழைய நம்பருக்கு நாமே திருப்பி அடிப்பதுதான் வழி.

திருப்பூர், பனியன் ஏற்றுமதி

அதையேதான் இப்போது இன்வாய்ஸ் அடியில் சிவப்பில் அடித்திருக்கிறோம், கணக்கு மாறினால் மெயிலை நம்பாதீர்கள், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று. வேடிக்கை என்னவென்றால் போன மாதம் நாங்கள் நிஜமாகவே வங்கியை மாற்றினோம். அதே பையர் கூப்பிட்டார். என் குரலைக் கேட்டும் நம்பவில்லை, எங்கள் முதல் ஆர்டரில் எந்தக் கலர் சாயம் போனது என்று கேட்டார். மெரூன். அன்றைக்கே டெபிட் நோட் போட்ட மனுஷன், மறக்குமா எனக்கு.