பர்மாவைக் கெடுத்தது யார்?

தேவகோட்டைக்காரன்:
ஏழை நாடு என்றாலே வெள்ளைக்காரனைக் கைகாட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். நம் செட்டிநாட்டு அப்பச்சிமார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்தப் போன பர்மாவை, இன்றைய மியான்மரைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு. 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கி, ஆலை, கடை எல்லாம் அரசுடைமை. 1987-இல் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் பர்மா. இதுவும் லண்டன் செய்த வேலையா?

ஆத்தங்குடி மீனாள்:
அண்ணே, அரிசி கப்பல் ஏறியது சரி. விளைத்தவன் கையில் என்ன நின்றது? இங்கிலீஷ் வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்காது. நம்மவர்களுக்குக் கொடுக்கும், நம்மவர்கள் நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு அவனுக்குக் கொடுத்தார்கள். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வட்டிக்கடைகளிடம் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை. சில வருஷத்தில் அது 25 சதவீதம். லாபமோ தேக்குத் தூணாகச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளுக்கு வந்தது.

தேவகோட்டைக்காரன்:
நிலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் போகவில்லை ஆச்சி. பணம் வராததால் வந்த நிலம், விற்கவும் ஆள் கிடைக்கவில்லை. காட்டைத் திருத்தி வயலாக்கப் பணம் போட்டதும் அதே கடைகள்தான். 1948-இல் பர்மா அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்களே, விவசாயி தேறினானா?

கோட்டையூர் வாத்தியார்:
லாபம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெற்றபோது பரம ஏழை. வைர வருமானத்தைப் பள்ளிக்கும் சாலைக்கும் போட்டு எழுந்தது.

தேவகோட்டைக்காரன்:
நானும் அதைத்தானே சொல்கிறேன்? ஆள்கிறவன் சரியாக இருந்தால் நாடு எழும்.

ஆத்தங்குடி மீனாள்:
போட்ஸ்வானாவில் பெரிய வைரச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது 1967-இல், வெள்ளைக்காரன் போன பிறகு. பர்மாவில் அவன் எல்லாவற்றையும் துறைமுகத்துக்கு இழுக்கும் ஏற்பாட்டை முன்பே கட்டி வைத்திருந்தான். விடுதலைக்குப் பின் அரசு வாரியமும் நெல்லைக் குறைந்த விலைக்கு எடுத்து வெளியே கூடுதலாக விற்றது. நெ வின்னை நான் காப்பாற்றவில்லை அண்ணே. அவர் வருவதற்கு முன்பே அந்த விவசாயியின் நெல்லுக்கு வேறு யாரோதான் விலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.