'கேட்டில்' என்றால் மாடா, கால்நடையா?

கேள்வி:
அரசு அறிக்கைகளைத் தமிழாக்கும்போது 'கேட்டில்' (cattle) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் 'கால்நடை' என்று போடலாமா? இன்னொன்று: 'சாட்டல்' (அசையும் சொத்து), 'கேப்பிட்டல்' (மூலதனம்) இரண்டும் இதே வேர் என்கிறார்களே, சொத்துக்கும் மாட்டுக்கும் என்ன உறவு?

பதில் 1:
போடாதீர்கள், கணக்கே பிசகிவிடும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் 'லைவ்ஸ்டாக்' மொத்தம் 53.58 கோடி. அதில் 'கேட்டில்' 19.25 கோடிதான். எருமை 10.99 கோடி, அது தனி வரிசை. ஆடுகளும் தனி. தமிழில் கால்நடை என்றால் ஆடும் அடக்கம், அதனால் அந்தச் சொல் 'லைவ்ஸ்டாக்'குக்கே பொருந்தும். 'கேட்டில்' வந்தால் 'மாடு' என்று எழுதி, முதல் இடத்திலேயே 'எருமை நீங்கலாக' என்று சேர்த்துவிடுங்கள். 'போவைன்' என்று வந்தால் மாட்டோடு எருமை, மலைநாட்டு மாட்டினங்களான யாக், மிதுன் எல்லாம் சேர்ந்த 30.28 கோடி.

பதில் 2:
மேலே சொன்னது கணக்கெடுப்புக்குச் சரி. சட்டத்துக்குச் சரிவராது. பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைக்க வழிசெய்யும் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவைப் பாருங்கள். யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு அத்தனையும் அங்கே 'கேட்டில்'. அந்த இடத்தில் 'மாடு' என்று எழுதினால் பிழை, 'கால்நடை'தான் வேண்டும். எந்த ஆவணமானாலும் வரையறைப் பிரிவைப் படித்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த அகலம் பழைய ஆங்கிலத்தின் மிச்சம். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், யாக்கோபு கூலியாகக் கேட்கும் ஆடுகளையும் 'கேட்டில்' என்றே சொல்லியிருக்கும். மாட்டினம் மட்டும் என்று பொருள் குறுகியது பிற்பாடுதான்.

பதில் 3:
வேர் விஷயம். லத்தீனில் 'காபுட்' என்றால் தலை. அதிலிருந்து 'கேபிடாலிஸ்', தலையாயது. இடைக்கால லத்தீனில் 'கேபிடாலே' என்றால் கைமுதல், சொத்து. பிரெஞ்சு நாட்டில் இது பேச்சு வழக்குக்கு ஏற்ப இரண்டாகப் பிரிந்தது. வடக்கே நார்மண்டிப் பக்கம் 'க' ஒலி மாறாமல் 'கடேல்'. பாரிஸ் பக்கம் அதே ஒலி 'ச' ஆகி 'சடேல்'. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு போனது முதல் வடிவம், அதுவே 'கேட்டில்'. இரண்டாவது, சட்டத்தில் அசையும் சொத்தைக் குறிக்கும் 'சாட்டல்' ஆயிற்று. 'கேட்ச்' (பிடி), 'சேஸ்' (துரத்து) இரண்டும் இப்படிப் பிரிந்த இரட்டையர்தான். 'கேப்பிட்டல்' லத்தீன் உருவத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

ஆக, 'கேட்டில்' முதலில் சொத்து. நாட்டுப்புறத்தில் அசையும் சொத்தில் பெரியது ஆடுமாடு என்பதால் சொல் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. லத்தீன் 'பெக்கூனியா' இதற்கு நேர் எதிர்த்திசை: 'பெக்கு' என்ற மந்தைச் சொல்லிலிருந்து பணம் பிறந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் மாடு செல்வம் என்று வருகிறதே, அதுவும் இதே கதையா?

பதில் 3:
400-ஆவது குறள். பொருள் நீங்கள் சொன்னதுதான், ஆனால் ஆங்கிலச் சொல்லோடு உறவு கிடையாது. மந்தைதான் செல்வம் என்றிருந்த இரு சமூகங்களில் தனித்தனியே நேர்ந்தது. விலங்கைச் சொல்ல அதே திருக்குறள் நூல் வேறோர் இடத்தில் 'ஆ' என்கிறது, 'ஆபயன் குன்றும்' என்று 560-இல் பாருங்கள்.

பதில் 1:
ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதும்போது ஒரு சிக்கல் வரும். 'கேட்டில்' பன்மை மட்டுமே, 'எ கேட்டில்' என்று எழுத முடியாது. ஐந்து மாடு என்றால் 'ஃபைவ் ஹெட் ஆஃப் கேட்டில்'. 'ஹெட்'டில் 'எஸ்' சேராது. ஒற்றை மாட்டுக்கு, ஆணா பெண்ணா என்று பார்க்காமல் பொதுவாகச் சொல்ல, நம் 'மாடு' போல எளிய சொல் அங்கே இல்லை. பசு 'கௌ', கன்று ஈனாத கிடாரி 'ஹெஃபர்', பொலிகாளை 'புல்', காயடித்த உழவு மாடு 'புல்லக்' அல்லது 'ஆக்ஸ்'. மூலத்தில் எது என்று தெரியாமல் 'கௌ' போட்டுவிட்டால், வண்டியில் பூட்டியது பசு என்றாகிவிடும்.