மறு: ஸ்டுடியோ நெகட்டிவ் பெட்டிகள் – மழைக்கு முன்னால் முடிவு வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கட் அண்ணன் மறுபடியும் கணக்கு கேட்டிருக்கிறார். 2011 தானே புயல் நிவாரணத்துக்கு நம் சங்கம் திரட்டிய பணத்துக்கு இன்றுவரை வரவு செலவு வரவில்லை என்பது உண்மைதான். அதை நானும் கேட்பேன். ஆனால் அந்தக் கோபத்தை, நாம் காப்பாற்ற நினைக்கும் சிதம்பரம் ஸ்டுடியோவின் பழைய நெகட்டிவ் பெட்டிகள் மேல் காட்ட வேண்டாம் அண்ணா.

தங்கை போன மாதம் சிதம்பரம் போயிருந்தாள். ஸ்டுடியோ பின்கட்டைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியதாம். பழைய அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெடும்போது வருகிற நெடி அது. ஒரு டப்பாவில் ஆரம்பித்தால் பக்கத்து டப்பாவையும் பிடிக்கும். பிலிம் சுருங்கும், மேல்பூச்சு உரிந்துவிடும், அப்புறம் பிரிண்ட் போட வழியே இல்லை. பழைய கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளுக்கு இந்தக் கேடு கிடையாது. ஆனால் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடு ஒழுகுகிறது என்கிறாள். ஐப்பசி அடைமழை வரை அந்த அறை தாங்காது.

'ஒரு கடைக்காரர் வீட்டுச் சாமானுக்குச் சங்கம் ஏன் பணம் போட வேண்டும்' என்று மேலவீதிச் சித்தப்பா எழுதியிருக்கிறார். படித்ததும் மனசு வலித்தது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது, அடுத்த சில வருஷங்களில் ஸ்டுடியோக்காரப் பெரியவரின் அப்பா கடை போட்டார். நம் ஊரிலிருந்து முதன்முதலாகப் படிக்கப் போனவர்கள் எல்லோரும் அந்தத் திரைக்கு முன்னால்தான் நின்றார்கள். பட்டமளிப்பு கவுன் கூட அங்கேயே கிடைக்கும். 1979-ல் அஞ்சல்வழிப் படிப்பு ஆரம்பித்த பிறகு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வாசல் வரை வரிசை நிற்கும். இந்தி எதிர்ப்பில் மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்த 1965 ஜனவரியில் கடை பல நாள் பூட்டிக் கிடந்தது என்று பெரியவர் சொல்வார். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும்.

சித்தப்பா, உங்கள் முதல் விசாவுக்குப் போன படத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. அன்று அம்மாதான் உங்களோடு வந்திருந்தாள்.

கடை நொடித்தபோது பெரியவர் வீட்டுச் சின்னவர் பல தட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, சாமி படங்களுக்கு மேல்கண்ணாடியாகப் போட்டு விற்றார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிஜிட்டல் வந்தபின் அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. இப்போது பிலிமிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் இரண்டு முறை வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. எப்படிச் செய்வது என்று அவர்களிடம் யோசனை கேட்டு எழுதுகிறேன். அதுவரை காத்திருக்க முடியாது. முதலில் பெட்டிகளை உலர்ந்த அறைக்கு மாற்ற வேண்டும், நெடி அடிக்கும் டப்பாக்களைத் தனியே பிரிக்க வேண்டும், இரும்பு அலமாரி வாங்க வேண்டும். என் பங்கு 25,000 ரூபாய். சங்கக் கணக்கில் போட வேண்டாம். அலமாரிக் கடைக்கும் கூலிக்கும் தங்கை நேரடியாகக் கொடுப்பாள், ஒவ்வொரு ரசீதையும் அன்றைக்கே இங்கே போடுவாள். மஸ்கட் அண்ணனே சரிபார்க்கட்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கூரையைப் பிடுங்கியபோது அதுவும் நனைந்து கூழாகிவிட்டது. வேறு பிரதி யாரிடமும் இல்லை. 1968-ம் வருஷம், பல்கலைக்கழக சாஸ்திரி ஹால் வாசல், எட்டுப் பேர் நிற்கும் குரூப். இடமிருந்து இரண்டாவது அப்பா. அவர் பக்கத்தில் நிற்பது மஸ்கட் அண்ணனின் அப்பா. உறைகளின் மேல் பெரியவர் பென்சிலில் வருஷம் எழுதியிருப்பார். அந்த வருஷத்து டப்பாவை முதலில் தேடும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.