இந்தியன் ஓஷன்: ஆள் மாறிய பிறகு நேரில் கேட்டவர்கள் உண்டா?

தில்லி கரோல் பாகில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த பேட்டை அது. அங்கே கஜூர் ரோட்டில் ஒரு பழைய வீடு, கதவிலக்கம் 16/330. இந்தியன் ஓஷன் என்ற ராக் இசைக்குழு ஒத்திகை பார்த்தது அங்கேதான். ஒரு மாலை காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்தபோது உள்ளே தபலா சத்தம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை தாளம் எங்கேயோ தட்டிப்போய், யாரோ பலமாகச் சிரித்தார்கள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. குழுவின் தபலாக்காரர் அசீம் சக்ரவர்த்தி எனக்கு அறிமுகமானது இப்படி, மதிலுக்கு வெளியே நின்றுதான்.

பிறகு மேடையிலும் பார்த்தேன். சம்மணமிட்டு உட்கார்ந்து, கையில் தபலா, வாயில் பாட்டு. மிருதங்க வித்வானே பாடகராகவும் இருந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். 2009 டிசம்பர் 25 அன்று அவர் காலமானார். அவர் ஒருவர் இடத்துக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. அசீம் இருந்தபோது பதிவான பாடல்களை 2010-இல் தொடங்கி மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்புக்குப் பெயரே அந்த வீட்டு முகவரிதான்.

2013-இல் கிட்டார் வாசித்த சுஸ்மித் சென்னும் விலகினார். 1990-இல் ஆரம்பித்தபோது இருந்த அவரும் அசீமும் இல்லாத குழு இது. பேஸ் கிட்டார் வாசிக்கும் ராகுல் ராமும், டிரம்ஸ் அமித் கிலமும்தான் இப்போது மூத்தவர்கள். சுஸ்மித் இடத்தில் நிகில் ராவ்.

அதற்குப் பிறகு ஒரு முறை குர்கானில் கேட்டேன். நர்மதைக் கரைப் பாட்டான ‘மா ரேவா’வைப் பாடினார்கள். ராகுல் ராம் நர்மதை அணைக்கு எதிரான போராட்டத்தில் இருந்தவர், அந்தப் பாட்டில் அவர் குரலே வேறு மாதிரி ஆகிவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சுஸ்மித்தின் கிட்டார் சரோட் வாத்தியம் மாதிரி நெளிந்து வரும் திருப்பம் ஒன்று உண்டு. என் காது முன்னாலேயே அங்கே போய் நின்றுகொண்டது. நிகில் வேறு தெரு வழியாக வந்தார். அவர் மேல் தப்பில்லை, பழகிய காதுக்குச் சொன்னால் புரியாது. உங்களில் யாருக்காவது இப்படி ஆனதா?

*

எனக்கு அப்படியே தலைகீழ், சார். ‘மசான்’ என்ற இந்திப் படத்துக்கு இவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுத்தான் உள்ளே வந்தேன், அது 2015. அதனால் எனக்கு ஹிமான்ஷுதான் அசல். அசீம் பாடிய பழைய பதிவை முதலில் கேட்டபோது “யார் இது, வேறு மாதிரி பாடுகிறாரே” என்று தோன்றியது. திட்டாதீர்கள்.

எங்கள் கல்லூரி விழாவுக்கு வந்தார்கள். ஸ்பீக்கர் வயர் சுருட்டும் கோஷ்டியில் நான். சவுண்ட் செக்கில் அமித் கிலம் டிரம்ஸை விட்டு எழுந்து வந்து கப்குபியை எடுத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு நரம்பை இழுத்துச் சுண்டும் வங்காள வாத்தியம். ஒரு சுண்டலில் சத்தம் குழைந்து மேலே போகிறது. நாங்கள் நான்கு பேரும் வயரைக் கீழே போட்டுவிட்டோம். அன்றைக்கு மேடையில் யார் பழையவர், யார் புதியவர் என்ற கணக்கெல்லாம் எனக்கு ஓடவில்லை.

*

என் கதை ‘கந்தீசா’ பற்றி. 2000-இல் வந்த தொகுப்பின் பெயர்ப் பாட்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதி அது. என் மாமியார் வீடு கோட்டயம் பக்கம். ஒரு தடவை காரில் அந்தப் பாட்டைப் போட்டேன். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அத்தை எழுந்து, “இது எங்கள் குர்பானாவில் பாடுவதாயிற்றே!” என்றார். குர்பானா என்றால் அவர்கள் தேவாலயப் பூசை. பாட்டு முடிந்த பிறகும் கோயிலில் பாடும் நிதானத்தில் முனகிக்கொண்டே வந்தார்.

அடுத்த தடவை வேண்டுமென்றே புதிய ஆட்கள் பாடிய மேடைப் பதிவைப் போட்டு, “இரண்டில் எது நன்றாக இருக்கிறது அத்தை?” என்றேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

“இரண்டு பேருக்கும் எதற்கு இவ்வளவு அவசரம்?”