ஆல்டர்நேரியா சொலானி நன்றாக வளர்கிறது, வித்துகள் மட்டும் உருவாகவில்லை: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். தக்காளியில் முன்பருவ இலைக்கருகல் நோயை உண்டாக்கும் ஆல்டர்நேரியா சொலானி பூசணத்தை நோயுற்ற இலைகளிலிருந்து பிரித்தெடுத்து, உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் 27 டிகிரி செல்சியஸில் வளர்த்து வருகிறேன். வளர்ச்சியில் குறை எதுவும் இல்லை. சாம்பல் நிறப் பூசண இழைகள் தட்டில் பஞ்சுபோல் பரவுகின்றன. ஊடகத்தின் அடியில் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறமி ஊறியிருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் இழைகள்தாம் தெரிகின்றன. நாற்றுகளில் தெளித்து நோய் எதிர்ப்புத்திறனைச் சோதிக்க வித்துகள், அதாவது பூசணம் பரவ உதவும் நுண்ணிய இனப்பெருக்கத் துகள்கள், வேண்டும். தட்டுகளின் விளிம்பை மூடப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றி, விளக்கில்லாத இன்குபேட்டரில் வைத்திருக்கிறேன். ஊடகத்தை மாற்றுவதா, வெப்பநிலையை மாற்றுவதா?

பதில்

இந்தப் பூசணத்தைப் பொறுத்தவரை, இழை வளர்ச்சிக்கு உகந்த சூழல் வேறு, வித்து உருவாக்கத்துக்கு உகந்த சூழல் வேறு. லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்த ஊடகத்தில் உணவு தாராளமாகக் கிடைப்பதால், அது இழைகளைப் பெருக்கிக்கொண்டே போகும். 200 மி.லி. வி8 காய்கறிச் சாறு, 800 மி.லி. நீர், 3 கிராம் கால்சியம் கார்பனேட், 15 கிராம் அகார் சேர்த்த ஊடகத்துக்கு மாறுங்கள். அந்தச் சாற்றின் புளிப்பைக் கார்பனேட் தணித்துவிடும்.

ஊடகத்தை மாற்றினால் மட்டும் போதாது. தட்டு ஏறக்குறைய நிரம்பியதும் கிருமி நீக்கிய நீரைச் சிறிது ஊற்றி, கண்ணாடிச் சில்லின் விளிம்பால் மேல் இழைகளைச் சுரண்டிக் கழுவி, நீரை முழுதாக வடித்துவிடுங்கள். பிறகு பாராஃபிலிம் சுற்றாமல், மூடியைச் சற்றே விலக்கி, மேற்பரப்பு மெல்ல உலர விடுங்கள். காயமும் உலர்தலும் சேரும்போதுதான் வித்துத்தண்டுகள் கிளம்புகின்றன. அண்மைப் புற ஊதா ஒளி, அதாவது 365 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் கருநீலக் குழல் விளக்கு, இதை இன்னும் தூண்டும். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ அறையில் கிருமி நீக்கப் பயன்படும் 254 நானோமீட்டர் விளக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது பூசணத்தைக் கொன்றுவிடும், கண்ணுக்கும் கேடு.

கேட்டவர்

மிக்க நன்றி. சொன்னபடியே செய்து, தட்டுகளை இரவும் பகலும் விளக்கின் கீழேயே வைத்தேன். இப்போது பழுப்பு நிறத் தண்டுகள் குத்திட்டு நிற்பது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அவற்றின் நுனியில் வித்துகள் இல்லை.

மற்றொருவரின் பதில்

நீங்கள் பாதி வழியைக் கடந்துவிட்டீர்கள், எனவே தட்டுகளை எறிந்துவிடாதீர்கள். இந்த இனத்தில் தண்டு உருவாக ஒளி உதவுகிறது. ஆனால் அந்தத் தண்டில் வித்து உருவாவது இருளில்தான், அதுவும் குளிர்ச்சி சற்றுக் கூடுதலாக இருக்கும்போது. விளக்கு தொடர்ந்து எரிந்தால், குறிப்பாக வெப்பமும் கூடியிருந்தால், தண்டுகள் மொட்டையாகவே நின்றுவிடும். ஆகவே 12 மணி நேரம் ஒளி கொடுத்தபின், அலுமினியத் தாளில் பொதிந்து 18 முதல் 20 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் வையுங்கள். இடையில் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த வெளிச்சமும் தடையாகலாம். குழல் விளக்கின் சூடு தட்டில் ஏறுகிறதா என்பதை, இன்குபேட்டர் காட்டும் எண்ணை நம்பாமல், தட்டுகளுக்கு நடுவே ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்

வித்துகள் கிடைத்துவிட்டன! பறவை அலகுபோல் நீண்ட நுனியுடன், குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புச் சுவர்கள் கொண்டவை, ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் பழைய வளர்ப்பு ஒன்று மட்டும் அதே நடைமுறையிலும் வெள்ளைப் பஞ்சாகவே இருக்கிறது.

மற்றொருவரின் பதில்

மகிழ்ச்சி. மீண்டும் மீண்டும் புதிய தட்டுக்கு மாற்றி மறுவளர்ப்புச் செய்த வளர்ப்புகள் வித்து தரும் திறனை இழப்பது இந்தப் பூசணத்தில் அடிக்கடி நேர்வது. அதைத் தக்காளி இலையில் ஏற்றி நோயை உண்டாக்கி, அந்தப் புள்ளியிலிருந்து மறுபடி பிரித்தெடுத்து, ஒற்றை வித்திலிருந்து புதிய வளர்ப்பைத் தொடங்கிப் பாருங்கள். இப்போது நன்றாக வித்து தரும் வளர்ப்பை இன்றைக்கே கிளிசராலில் உறைநிலையில் சேமித்து வையுங்கள்.

தெளிப்புக்கு முன், வித்துகளைச் சுரண்டி நீரில் கலந்த கரைசலை இரண்டு மடிப்பு மஸ்லின் துணியில் வடிகட்டுங்கள். சுரண்டும்போது உடைந்த இழைத்துண்டுகளும் நோயை உண்டாக்கும் என்பதால், அவை கலந்திருந்தால் வித்து எண்ணிக்கையை வைத்து எதிர்ப்புத்திறனை ஒப்பிட முடியாது. எண்ணும்போது ஒவ்வொரு முறையும் குழாயைக் குலுக்கிவிட்டு எடுங்கள். இவ்வளவு பெரிய வித்துகள் விரைவாக அடியில் படிந்துவிடும்.