நெபுலைசரால் போன பிறகு லிப்பிட் நனோதுணிக்கை திரள்கிறது. எதை மாற்றுவது?

சாரல்06 (கொழும்பு):

அண்ணாமார், அக்காமார், முதுமாணி ஆய்வுக்காக எம்.ஆர்.என்.ஏ-வை வைரஸ் இல்லாமல், லிப்பிட் (கொழுப்பு) நனோதுணிக்கையில் அடைத்து மூச்சுப்பாதைக் கலங்களுக்குள் கொண்டுபோகப் பார்க்கிறேன். இப்போதைக்கு லூசிபெரேஸ்தான் (ஒளி தரும் சோதனைப் புரதம்), பிறகு சி.எஃப்.டி.ஆர் (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பழுதாகும் மரபணு). லிப்பிட்டுகள் எம்.சி.3 (அமிலத்தில் நேரேற்றம் பெறுவது), டி.எஸ்.பி.சி, கொலஸ்திரோல், டி.எம்.ஜி-பெக் (பெக் என்ற பொலிமர் இணைந்தது), மோல் விகிதம் 50:10:38.5:1.5. எதனோல் 1 பங்கு, பி.எச் 4 சித்திரேற் 3 பங்கு, நைதரசன்-பொஸ்பேற் விகிதம் (லிப்பிட்டின் நைதரசன், ஆர்.என்.ஏ-வின் பொஸ்பேற்) 6. பி.பி.எஸ் என்ற பொஸ்பேற் உப்புக் கரைசலுக்கு டயலிசிஸ் செய்து, கடைசியில் 10% சுக்குரோஸ் சேர்க்கிறேன்.

நெபுலைசருக்கு முன் 85 நனோமீற்றர், பி.டி.ஐ (பருமன் எவ்வளவு பரந்திருக்கிறது என்ற எண்) 0.12, அடைப்பு (துணிக்கைக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ-வின் பங்கு) 94%. சாதாரண ஜெற் நெபுலைசரால் போன பிறகு 210 நனோமீற்றர், பி.டி.ஐ 0.4, அடைப்பு 55%. ஏ549 கலங்களில் (நுரையீரல் புற்றுநோய்க் கலவரிசை) ஒளி பத்தில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. பெக்கைக் கூட்டினால் போதுமா?

நுண்துளி:

பெக்கில் கை வைக்க முதல் நெபுலைசரை மாற்றுங்கோ. ஜெற் கருவியில் உண்டாகும் துளிகளில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தடுப்பில் மோதித் திரும்பவும் கிண்ணத்துக்குள்தான் விழும். ஒரே துணிக்கை வெளியே வர முன் பல தடவை கிழிபடுகிறது. ஒவ்வொரு தடவையும் புதிய காற்று-நீர் மேற்பரப்பு உண்டாகும், லிப்பிட் அங்கே போய்ப் பரவும், உள்ளே இருந்த ஆர்.என்.ஏ வெளியே கசியும். நீர் ஆவியாகப் போவதால் கிண்ணத்தில் மிஞ்சுவது செறிவாகிக்கொண்டும் போகும். அதிரும் வலை நெபுலைசரில் திரவம் துளையால் ஒரே தடவைதான் போகும். அல்ட்ராசொனிக் வகை வேண்டாம், திரவம் சூடாகிவிடும்.

அடுத்தது தாங்கல் கரைசல். பி.பி.எஸ் தனியாகவே உடல் திரவத்தின் சவ்வூடு அழுத்தம் உள்ளது. அதன்மேல் 10% சுக்குரோஸ் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 10 மில்லிமோலர் டிரிஸ், 9% சுக்குரோஸ் போதும். இன்னொரு வழி, பி.எச் 5 அளவில் அசிற்றேற். எம்.சி.3-இன் பி.கே.ஏ (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெறும் பி.எச்) 6.44. பி.எச் 7.4-இல் துணிக்கைக்கு மின்னேற்றம் அநேகமாக இல்லை, ஒன்றோடொன்று ஒட்டத் தடையும் இல்லை. பி.எச் 5-இல் எல்லாம் நேரேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். ஆனால் அந்த நிலையிலேயே நாள்கணக்கில் வைக்காதேங்கோ, நெபுலைசருக்குச் சற்று முன் மாற்றுங்கோ.

மூச்சுக்குழல்:

அளவீட்டிலேயே இரண்டு பிழை ஒளிந்திருக்கலாம், அதை முதலில் பிடியுங்கள்.

ஒன்று, ஒளிச்சிதறலால் பருமனை அளக்கும் டி.எல்.எஸ் கருவியில் பாகுநிலையைத் தண்ணீருக்கானதாகவே விட்டிருந்தால், 10% சுக்குரோஸில் 85 என்பது 110 என்று காட்டும். மாதிரியை ஐதாக்கி அளக்கும்போது எந்தக் கரைசலில் ஐதாக்கினீர்கள் என்பதும் முக்கியம். அசிற்றேற்றில் இருந்ததைப் பி.பி.எஸ்-இல் ஐதாக்கினால் நீங்கள் அளப்பது வேறொரு துணிக்கை. ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறுவதால் நாலைந்து பெரிய திரள்களே சராசரியை இழுத்துவிடும். எண்ணிக்கைப் பரம்பலையும் பாருங்கள்.

இரண்டு, ரைபோகிரீன் (ஆர்.என்.ஏ-வோடு சேர்ந்து ஒளிரும் சாயம்). துணிக்கையை உடைக்கப் போடும் ட்ரைட்டன் ஒளிர்வை மாற்றும். அதனால் ட்ரைட்டன் உள்ளது, இல்லாதது என்று இரண்டு நியம வளையி தேவை. 55% என்ற எண் மட்டும் போதாது. முன்னும் பின்னும் ட்ரைட்டன் போட்ட மொத்த ஆர்.என்.ஏ-வை ஒப்பிடுங்கள். மொத்தமே குறைந்திருந்தால் குழாய்ச் சுவரில் ஒட்டிப் போயிருக்கிறது. மொத்தம் அப்படியே இருந்து அடைப்பு மட்டும் இறங்கினால் துணிக்கை உடைந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. அகரோஸ் ஜெல்லில் ஆர்.என்.ஏ முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆவியைப் பிடிக்க, பனிக்கட்டியில் நிற்கும் 50 மில்லிலீற்றர் குழாயின் அடிக்கு ஒரு சிறு குழாயை இறக்கினால் போதும்.

கலப்படுகை:

பெக் பற்றி. 1.5-இலிருந்து 3-5 மோல்% வரை கூட்டினால் திரளல் குறையும், உண்மை. ஆனால் கலத்துக்குள் போவதும் எண்டோசோமை (கலம் உள்வாங்கும் சிறு பை) விட்டு வெளியேறுவதும் சேர்ந்து குறையும். டி.எம்.ஜி-பெக்கின் வால் 14 காபன், ஓரளவுக்குக் கழன்றுவிடும். 18 காபன் வாலுள்ள டி.எஸ்.பி.இ-பெக் நெபுலைசரை நன்றாகத் தாங்கும், ஆனால் கலத்திலும் கழலாது. ஒவ்வொரு அளவிலும் நெபுலைசருக்குப் பின் பிடித்த மாதிரியையே கலத்தில் போட்டுப் பாருங்கள். முன்மாதிரியில் எடுத்த முடிவை வைத்துச் சூத்திரத்தைத் தெரிவுசெய்வதுதான் இந்தத் துறையில் அதிக காலத்தை விழுங்குகிறது.

ஏ549-இல் நம்பிக்கை வைக்காதீர்கள். அது சளி சுரக்கும் மூச்சுப்பாதைப் படை அல்ல. அதோடு வளர்ப்பூடகத்தில் சீரம் இருந்தால் அபோ-ஈ புரதம் எம்.சி.3 துணிக்கையில் ஒட்டிக் கலத்துக்குள் இழுத்துவிடும். ஈரலில் நடப்பது அதுதான். மூச்சுக்குழலின் மேற்பரப்பில் அந்தத் துணை அவ்வளவாகக் கிடையாது. 16எச்.பி.இ என்ற மூச்சுக்குழல் கலவரிசையில் தொடங்கி, முதன்மைக் கலங்களைக் (மனித இழையத்திலிருந்து நேரடியாக எடுத்தவை) காற்று-திரவ இடைமுகத்தில் 3-4 கிழமை வளர்த்து, சிலியா அடிப்பதைக் கண்ட பிறகு மேற்புறத்தில் கொடுங்கள். வளர்ந்த படையை முந்தின நாள் கழுவிவிட்டுக் கொடுத்தால் முடிவு அழகாக வரும். கழுவாமலும் ஒரு தொகுதி கட்டாயம் வையுங்கள், நோயாளியின் மார்புக்குள் சளி கழுவி இருப்பதில்லை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சளியின் கண்ணிகள் ஏறக்குறைய 100-200 நனோமீற்றர். உங்கள் 210 அங்கேயே சிக்கும். அதில் மியூசினும் இறந்த கலங்களின் டி.என்.ஏ-வும் எதிரேற்றத்தோடு நிற்பதால் நேரேற்றத் துணிக்கையும் ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் பிளாஸ்மிட்டுக்கு (வட்ட டி.என்.ஏ) மாறினால், சளியை இளக்கும் டோர்னேஸ் ஆல்பாவைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அது சளியின் டி.என்.ஏ-வோடு உங்கள் டி.என்.ஏ-வையும் வெட்டும்.

சாரல்06:

மிக்க நன்றி. பிளாஸ்மிட்டா எம்.ஆர்.என்.ஏ-வா என்று இன்னும் தடுமாற்றம். பிரித்தானியாவில் பிளாஸ்மிட்டை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள்தானே?

கலப்படுகை:

ஓம், 2015-இல் முடிவு வந்தது. ஜி.எல்.67ஏ என்ற லிப்பிட் கலவையோடு சி.எஃப்.டி.ஆர் பிளாஸ்மிட், மாதம் ஒரு தடவை, 5 மில்லிலீற்றர், ஒரு வருடம். போலி மருந்துக் குழுவோடு ஒப்பிட எஃப்.இ.வி.1-இல் (முதல் விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) வித்தியாசம் 3.7%. பெரும்பாலும் சரிவு நின்றதே தவிர ஏற்றம் இல்லை. சிறிய பலன்தான், ஆனாலும் வைரஸ் இல்லாமல், திரும்பத் திரும்பக் கொடுத்து நுரையீரலின் செயற்பாட்டில் மாற்றம் காணலாம் என்று காட்டினார்கள். அழற்சியைக் குறைக்க அந்தப் பிளாஸ்மிட்டில் சி.பி.ஜி தொடர்களை (நோயெதிர்ப்பைத் தூண்டும் டி.என்.ஏ துண்டுகள்) முற்றாக நீக்கியிருந்தார்கள். பிளாஸ்மிட் கருவுக்குள் போகவேண்டும், பிரியாத கலத்தில் அதுவே பெரிய தடை. எம்.ஆர்.என்.ஏ-வுக்குக் குழியவுரு போதும், ஆனால் சில நாளில் மறையும். இப்போதைக்கு எம்.ஆர்.என்.ஏ-விலேயே நில்லுங்கள்.

நுண்துளி:

கொழும்புக்கென்று ஒன்று. துளியின் பருமனை அளக்கும்போது அறையின் ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கோ. ஏசி அறையில் துளி பறக்கும்போதே சுருங்கும். மழைநாளில் ஏசி நின்ற அறையில் சுருங்காது, குழாயிலேயே படிந்துவிடும். அதே சூத்திரத்துக்கு ஒரு நாள் 3 மைக்ரோன், இன்னொரு நாள் 5 மைக்ரோன் என்று வந்தால் லிப்பிட்டைக் குறை சொல்லாதேங்கோ. துளிகளைப் பருமன்வாரியாகப் பிரிக்கும் அடுக்குத் தாக்கிக் கருவி கிடைத்தால் 5 பாகையில் குளிரவைத்து, நிமிடத்துக்கு 15 லீற்றர் காற்றோட்டத்தில் ஓட்டுங்கோ.